சல்யூட்: செலுத்துவது யார், ஏற்பது யார்?

புதுதில்லி, சரோஜினி நகர்

2015 சனவரி 26 அன்று தில்லி ராஜபாதையில் நடைபெற்ற குடியரசு நாள் விழாவில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் இன்றுவரை ஓயவில்லை. குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி கை உயர்த்தி சல்யூட் நிலையில் நிற்கிறார். பிரதமர் நரேந்திர மோடியும் பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கரும் அவ்வாறே நிற்கிறார்கள். குடியரசுத் துணைத் தலைவர் ஹமீத் அன்சாரி மட்டும் இரு கைகளையும் பக்கவாட்டில் வைத்து, நிமிர்ந்து, அசையாமல் நிற்கிறார். படம் வெளிவந்த சில மணி நேரத்திற்குள் சமூக வலைதளங்களில் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. துணைத் தலைவர் கொடியை அவமதித்தார், அவருக்கு நாட்டுப்பற்று இல்லை, அவர் பதவி விலக வேண்டும் என்பதே தீர்ப்பு. தீர்ப்பு எழுதியவர்களில் எவரும் விதி என்ன சொல்கிறது என்று பார்க்கவில்லை. அவருடைய பெயரைப் பார்த்ததே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அன்றே துணைத் தலைவர் அலுவலகம் விளக்கம் அளித்தது. குடியரசு நாள் அணிவகுப்பில் படைகளின் தலைமைத் தளபதி என்ற முறையில் குடியரசுத் தலைவரே சல்யூட்டை ஏற்கிறார். நெறிமுறையின்படி, சீருடையில் இருப்பவர்கள் சல்யூட் செலுத்த வேண்டும். சீருடையில் இல்லாதவர்கள் அட்டென்ஷனில் நிற்க வேண்டும். துணைத் தலைவரே முதன்மை விருந்தினராக இருக்கும் நிகழ்ச்சியில் அவர் தலைப்பாகையோ தொப்பியோ அணிந்து சல்யூட் செலுத்துவார். அந்த ஆண்டு தேசிய மாணவர் படை முகாமில் அவர் அப்படித்தான் செய்திருந்தார். இவ்வளவுதான் விளக்கம். கேட்டவர்கள் வாயடைத்துப் போயிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. விளக்கம் ஒரு நாள் செய்தியாக முடிந்தது. படம் பல ஆண்டுகளாகச் சுற்றிவருகிறது.

இதைப் பழைய கதை என்று நம் தோழர்கள் சிலர் ஒதுக்கக்கூடும். வேலையின்மையும் விலைவாசியும் மக்களை வாட்டும் நேரத்தில் ஒருவர் கையை உயர்த்தினாரா இல்லையா என்பது ஒரு பிரச்சினையா என்றும் கேட்கக்கூடும். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் இந்தப் பிரச்சினையைக் கிளப்பியவர்கள் நாம் அல்லர். கிளப்பியவர்கள் அதை ஒரு நோக்கத்தோடு கிளப்பினார்கள். அந்த நோக்கம் நிறைவேறிக்கொண்டிருக்கிறது. ஆகவே இதற்கு விடை சொல்லும் கடமை நமக்கு உண்டு.

விதி என்ன சொல்கிறது?

இந்தியக் கொடிச் சட்டத் தொகுப்பு 2002 சனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. அப்போது ஒன்றியத்தில் ஆட்சியில் இருந்தது வாஜ்பாய் அரசு. எனவே இதைக் காங்கிரசின் சதி என்றோ இடதுசாரிகளின் திருத்தம் என்றோ சொல்ல வழியில்லை. சல்யூட்டைப் பற்றிய பகுதியில் அத்தொகுப்பு சொல்வது மிக எளிமையானது. கொடி ஏற்றப்படும்போதும் இறக்கப்படும்போதும், அணிவகுப்பில் கடந்து செல்லும்போதும், அங்கிருக்கும் அனைவரும் கொடியை நோக்கித் திரும்பி அட்டென்ஷனில் நிற்க வேண்டும். சீருடையில் இருப்பவர்கள் உரிய முறையில் சல்யூட் செலுத்த வேண்டும். நகரும் அணியில் கொடி செல்லும்போது இருப்பவர்கள் அட்டென்ஷனில் நிற்கலாம், அல்லது சல்யூட் செலுத்தலாம். முக்கியப் பிரமுகர் ஒருவர் தலையில் ஒன்றும் அணியாமலேயே சல்யூட்டை ஏற்கலாம்.

இதில் எங்கும் குடிமக்கள் கையை உயர்த்தியே ஆக வேண்டும் என்ற கட்டளை இல்லை. நேராக நிற்பது அனைவருக்கும் பொதுவான கடமை. கை உயர்த்துவது சீருடைக்கு உரிய கூடுதல் கடமை. தேசிய கீதம் பற்றிய உள்துறை அமைச்சகத்தின் ஆணையும் எழுந்து அட்டென்ஷனில் நிற்கவே சொல்கிறது. தேசியச் சின்னங்களின் அவமதிப்பைத் தடுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் கொடியை எரிப்பதையும் சிதைப்பதையும், கீதம் பாடுவதைத் தடுப்பதையும் குற்றமாக்குகிறது. சல்யூட் செலுத்தாமல் இருப்பதை அது குற்றமாக்கவில்லை.

இந்த இடத்தில் நாம் நேர்மையாக இருக்க வேண்டும். சீருடை அணியாத மோடி கை உயர்த்தியதும் குற்றமன்று. அவருக்கு முன்னிருந்த பிரதமர்களும் செங்கோட்டையில் கொடியேற்றி சல்யூட் செலுத்தியிருக்கிறார்கள். அதற்காக எவரையும் நாம் குறைகூறவில்லை. நம் எதிர்ப்பு அனுமதிக்கப்பட்ட ஒன்றைக் கட்டாயமாக்குவதற்கு எதிரானது. கட்டாயமாக்கிய பின் அதை ஒரு குறிப்பிட்ட சமூகத்தைச் சேர்ந்தவரிடம் மட்டும் சோதித்துப் பார்ப்பதற்கு எதிரானது.

உச்ச நீதிமன்றமும் இதே திசையில் பேசியிருக்கிறது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள் 1985இல் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். தேசிய கீதத்தின்போது அவர்கள் மரியாதையுடன் எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. அவர்களுடைய நம்பிக்கை அதற்கு இடந்தரவில்லை. 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி அவர்கள் தலைமையிலான அமர்வு, குழந்தைகளை மீண்டும் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டது. மௌனமாக எழுந்து நிற்பது மரியாதைக் குறைவாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். திரையரங்குகளில் தேசிய கீதம் கட்டாயம் என்று 2016 நவம்பர் 30 அன்று பிறப்பித்த இடைக்கால ஆணையையும் 2018 சனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமே தளர்த்திக்கொண்டது. ஆனால் இடைப்பட்ட அந்தப் பதின்மூன்று மாதங்களில், எழாதவர்களைத் தேடிப் பிடித்து அடிப்பதைச் சிலர் நாட்டுத் தொண்டாகவே மேற்கொண்டார்கள்.

ஏற்பதும் செலுத்துவதும்

ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்குவதே என் அன்றாட வேலை. அந்த வேலையில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். இந்த விவகாரத்தில் தமிழ் நம்மை ஏமாற்றாது. முதலமைச்சரோ ஆளுநரோ ஒரு விழாவில் கலந்துகொண்டால், நம் செய்தித்தாள்கள் "காவல்துறையினரின் அணிவகுப்பு மரியாதையை ஏற்றுக்கொண்டார்" என்றே எழுதும். படைவீரர் செலுத்துகிறார், ஆட்சியில் இருப்பவர் ஏற்கிறார். செலுத்துவதும் ஏற்பதும் எதிரெதிர்த் திசையில் செல்லும் இரு செயல்கள். இந்த வேறுபாடு இலக்கணம் பயிலாதவருக்கும் விளங்கும்.

இந்த வேறுபாட்டுக்குள்தான் குடியரசின் அடிப்படை அடங்கியிருக்கிறது. ஆயுதம் ஏந்தியவன் ஆயுதம் ஏந்தாதவருக்கு மரியாதை செலுத்துகிறான். துப்பாக்கியும் பீரங்கியும் விமானமும் கொண்ட படை, வாக்குச்சீட்டைத் தவிர வேறொன்றும் இல்லாத மக்களின் பிரதிநிதிக்கு முன்னால் கையை உயர்த்துகிறது. படைகளின் தலைமை குடியரசுத் தலைவரிடம் இருக்கும், அதை அவர் சட்டப்படியே செலுத்த வேண்டும் என்று அரசமைப்பின் 53ஆம் பிரிவு வகுத்திருப்பதும் இதற்காகவே. ஏற்பவர் சீருடை அணியாதவராக இருப்பதில்தான் அந்தக் காட்சியின் பொருளே இருக்கிறது.

விடுதலைக்குப் பின் இதைத் திட்டமிட்டே நிலைநாட்டினார்கள். வெள்ளையர் காலத்தில் படைத் தலைமைத் தளபதி வாழ்ந்த தில்லி மாளிகையில் 1948இல் பிரதமர் நேரு குடியேறினார். அதுவே பின்னர் தீன்மூர்த்தி பவன் என்று பெயர் பெற்றது. 1955இல் தலைமைத் தளபதி என்ற பதவிப் பெயரே சட்டத்தின் மூலம் நீக்கப்பட்டது. மூன்றாண்டுகள் கழித்து, 1958இல், அண்டை நாடான பாகிஸ்தானில் அயூப் கான் என்ற தளபதி ஆட்சியைப் பிடித்தார். அங்கே சல்யூட்டின் திசை மாறிவிட்டது. இங்கே மாறவில்லை. முதலாளித்துவ ஆட்சியின் பல பாவங்களை நாம் எண்ணிச் சொல்வோம். ஆனால் இந்த ஒன்றை அது காத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சல்யூட் படையினருக்குத் தொழில் சார்ந்த ஒரு பயிற்சி. தரைப்படையில் உள்ளங்கை எதிரில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும். கடற்படையில் உள்ளங்கை தரையை நோக்கியிருக்கும். வான்படை 2006இல் தன் முறையை மாற்றிக்கொண்டு, கையைத் தரைக்கு 45 பாகைச் சாய்வில் வைக்கத் தொடங்கியது. எந்தப் பதவிக்காரர் எவருக்கு, எந்த நேரத்தில், எத்தனை அடி தொலைவில் என்பதற்கெல்லாம் விதிகள் உண்டு. அப்பயிற்சியைப் பெறாத ஒருவர் நெற்றியில் கை வைத்தால் அதனால் படையின் மதிப்பு கூடுவதில்லை. படம் மட்டும் நன்றாக அமையும்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் சீருடை அணியாத அதிபர், படைவீரரின் சல்யூட்டுக்குக் கை உயர்த்திப் பதிலளிப்பதை 1981இல் வழக்கமாக்கியவர் முன்னாள் திரைப்பட நடிகர் ரீகன். அவ்வழக்கத்தின் கடைசிக் காட்சியை 2018இல் சிங்கப்பூரில் கண்டோம். வடகொரியத் தளபதி ஒருவருக்கு டிரம்ப் சல்யூட் செலுத்தினார். அமெரிக்க ஊடகங்கள் கொதித்தன. தன் வேலையல்லாத ஒரு சைகையை ஏற்றுக்கொண்டவருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போவது இயல்பு.

சரோஜினி நாயுடு கேட்டது என்ன?

ஒன்றிய அரசு ஊழியர்களின் குடியிருப்பாக எழுந்தது சரோஜினி நகர். பக்கத்தில் இலட்சுமிபாய் நகரில் தமிழ்ப் பள்ளி, நகருக்குள்ளேயே தமிழர்கள் கூடும் விநாயகர் கோயில் என்று இரண்டு தலைமுறைத் தமிழ் எழுத்தர்களும் தட்டச்சர்களும் கணக்கர்களும் வாழ்ந்த இடம். ஆடை மலிவாகக் கிடைக்கும் சந்தை என்றே வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். அப்பெயருக்கு உரிய பெண்மணிக்கும் நம் பொருளுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்பது இங்கு குடியிருப்பவர்களிலும் பலருக்குத் தெரியாது.

1947 ஜூலை 22 அன்று அரசமைப்பு நிர்ணய சபையில் தேசியக் கொடி பற்றிய தீர்மானத்தை நேரு முன்மொழிந்தார். பல தரப்பினரும் பேசினார்கள். முஸ்லிம் லீகின் சௌத்ரி கலீக்குஸ்ஸமான் ஆதரித்துப் பேசினார். ஆதிவாசிகளின் சார்பில் ஜெய்பால் சிங் பேசினார். நிறைவாகப் பேசியவர் சரோஜினி நாயுடு. இந்தக் கொடியின் கீழ் அரசனென்றும் உழவனென்றும், பணக்காரனென்றும் ஏழையென்றும் வேறுபாடு இராது என்று அவர் சொன்னார். இறுதியில், எழுந்து இந்தக் கொடிக்கு மரியாதை செலுத்துங்கள் என்று சபையை வேண்டினார்.

சபை என்ன செய்தது? எழுந்து நின்றது. சபை முழுவதும் எழுந்து நிற்க, தீர்மானம் நிறைவேறியது என்று அதன் நடவடிக்கைக் குறிப்பு பதிவு செய்திருக்கிறது. கொடியை நாட்டுக்கு அளித்த சபை கொடிக்குச் செலுத்திய முதல் மரியாதை அதுதான். இந்து, முஸ்லிம், சீக்கியர், கிறித்தவர், ஆதிவாசி, ஆண், பெண் என எல்லாரும் ஒரே மாதிரி செய்யக்கூடிய ஒன்று அது. 2015இல் ராஜபாதையில் ஹமீத் அன்சாரி செய்ததும் அதையே. அவரைத் தேசத்துரோகி என்றவர்கள் அந்தச் சபையையும் அதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளட்டும்.

அந்தப் பட்டியலைத் தயாரிப்பவர்களுடைய சொந்தக் கணக்கையும் பார்த்துவிடலாம். நாக்பூரில் உள்ள ஆர்.எஸ்.எஸ். தலைமையகத்தில் 1950க்குப் பின் 2002 வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக, மூவண்ணக்கொடி ஏற்றப்படவில்லை. 2001 குடியரசு நாளில் உள்ளே புகுந்து அந்தக் கொடியை ஏற்ற முயன்ற இளைஞர்கள் மீது வழக்குப் போடப்பட்டது. ஐம்பதாண்டுகள் கொடியையே ஏற்றாதவர்கள், கொடியின் முன் ஒருவருடைய கை இருந்த இடத்தை அளந்து பார்க்கிறார்கள்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. அதே 2015 குடியரசு நாளில் ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் செய்தித்தாள்களில் ஒரு விளம்பரம் வெளியிட்டது. அதில் அச்சாகியிருந்த அரசமைப்பின் முகப்புரையில் "சோசலிச", "மதச்சார்பற்ற" என்ற இரு சொற்களும் இல்லை. கேட்டபோது, 1950ஆம் ஆண்டு மூலப் படியைத்தான் வெளியிட்டோம் என்றார்கள். அச்சொற்களை நிரந்தரமாகவே நீக்கிவிடலாம் என்று கூட்டணிக் கட்சியான சிவசேனை வழிமொழிந்தது. குடிமக்களின் அடிப்படைக் கடமைகளைக் கூறும் 51அ பிரிவு, அரசமைப்பையும் அதன் இலட்சியங்களையும் முதலில் வைக்கிறது. கொடியும் கீதமும் அதன் பின்னரே வருகின்றன. முதலில் வருவதை விளம்பரத்தில் வெட்டிவிட்டு, பின்னால் வருவதற்கு விதியில் இல்லாத சைகையைக் கேட்டார்கள். அன்றைய நாளில் அவமதிப்பு நடந்தது எங்கே என்பதை வாசகர்களே முடிவு செய்யலாம்.

கை அல்ல, பெயர்

சல்யூட் விவகாரம் தனித்த ஒன்றாக இருந்திருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். அப்படி இல்லை. அதே ஆண்டு ஜூன் 21 அன்று ராஜபாதையில் முதல் சர்வதேச யோகா நாள் நடந்தது. துணைத் தலைவர் ஏன் வரவில்லை என்று பா.ஜ.க. பொதுச்செயலாளர் ராம் மாதவ் சமூக வலைதளத்தில் கேட்டார். தங்களுக்கு அழைப்பே வரவில்லை என்று துணைத் தலைவர் அலுவலகம் தெரிவித்தது. ராம் மாதவ் பதிவை நீக்கி வருத்தம் தெரிவித்தார். பிரதமர் தலைமை விருந்தினராக இருக்கும் விழாவுக்கு, வரிசையில் அவருக்கு மேலே இருப்பவரை நெறிமுறைப்படி அழைக்க இயலாது என்று அமைச்சர் தரப்பில் காரணம் சொல்லப்பட்டது. சனவரியில் நெறிமுறையைப் பின்பற்றியதற்காக அவர் குற்றவாளி. ஜூனில் நெறிமுறையைக் காட்டி அவரை அழைக்காமல் விட்டார்கள், வராததற்காகவும் அவரே குற்றவாளி.

2017 ஆகஸ்ட் 10 அன்று மாநிலங்களவையில் அவருக்கு வழியனுப்பு விழா நடந்தது. பிரதமர் பேசினார். அன்சாரியின் தூதர் பணியில் பெரும்பகுதி மேற்காசியாவில் கழிந்ததையும், பின்னர் அலிகர் பல்கலைக்கழகத்திலும் சிறுபான்மையினர் ஆணையத்திலும் அவர் பணியாற்றியதையும் எடுத்துச் சொல்லி, இனி உங்கள் அடிப்படை எண்ணப்படி நடக்கலாம் என்ற பொருள்பட முடித்தார். 1961இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்து, ஐ.நா. அவையில் இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதியாக இருந்து, பத்தாண்டுகள் துணைத் தலைவராக மாநிலங்களவையை நடத்திய ஒருவருக்கு நாடாளுமன்றம் கொடுத்த பிரியாவிடை இது. 2007இல் அவரை வேட்பாளராக நிறுத்தியதில் இடதுசாரிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்காக நாம் பெருமைப்படலாம்.

ஆனால் ஹமீத் அன்சாரிக்காக மட்டும் கவலைப்படுவதானால் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. அவருக்கு ஓர் அலுவலகம் இருந்தது. விதியைக் காட்டி விளக்கம் அளிக்க அதிகாரிகள் இருந்தார்கள். அந்த விளக்கத்தை அச்சிடச் செய்தித்தாள்கள் இருந்தன. இவை எவையும் இல்லாதவர்களிடம் இதே சோதனை நடக்கும்போது என்ன ஆகிறது?

இப்பகுதிக் குடியிருப்புகளில் குடியரசு நாளன்று கொடியேற்றம் நடப்பது வழக்கம். முன்பெல்லாம் காவலாளி சீருடையில் சல்யூட் செலுத்துவார். மற்றவர்கள் நேராக நிற்பார்கள். பிள்ளைகளுக்கு லட்டு கிடைக்கும். சில ஆண்டுகளாக வழக்கம் மாறிவருகிறது. எல்லாரும் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோகிறார்கள். கைப்பேசிகள் கொடியைப் படமெடுப்பதோடு நிற்காமல், நிற்பவர்களின் கைகளையும் வரிசையாகப் படமெடுத்துச் செல்கின்றன. அப்படிப்பட்ட ஒரு நிகழ்வில், ஓய்வுபெற்ற முஸ்லிம் எழுத்தர் ஒருவரைக் கண்டேன். கூட்டத்திலேயே அவருடைய கைதான் முதலில் உயர்ந்தது; கடைசியில் இறங்கியதும் அதுதான். கீதம் முடிந்து மற்றவர்கள் கலையத் தொடங்கிய பிறகும் கைப்பேசி தன்னைக் கடந்துபோகும்வரை அவர் கையை இறக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுக் கோப்புகளைச் சுமந்த கை அது. அதைச் சோதித்துப் பார்க்கும் உரிமையை யார் யாருக்குக் கொடுத்தார்கள்?

அன்சாரி நிமிர்ந்து நின்றதைக் குற்றமாக்கியதன் பலன் இதுதான். மேலே இருப்பவரிடம் எழுப்பப்பட்ட கேள்வி, கீழே இருப்பவருடைய முதுகெலும்பில் அச்சமாக இறங்குகிறது. அவர் செலுத்தும் சல்யூட் கொடிக்குப் போய்ச் சேர்வதில்லை. படமெடுப்பவனுக்கே போய்ச் சேர்கிறது.

வரலாற்றில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. ஜெர்மனியில் 1933 ஜூலையில் அரசு ஊழியர்கள் அனைவருக்கும் கை நீட்டும் நாஜி வணக்கம் கட்டாயமாக்கப்பட்டது. மறுத்த யெகோவாவின் சாட்சிகள் வேலை இழந்தார்கள். பலர் வதைமுகாம்களுக்குப் போனார்கள். அமெரிக்காவிலும் பள்ளிப் பிள்ளைகள் கொடிக்கு முன் கையை நீட்டியே உறுதிமொழி சொல்லிவந்தார்கள். அது நாஜி வணக்கத்தைப் போலவே இருப்பதை உணர்ந்து 1942 டிசம்பரில் நெஞ்சில் கை வைக்கும் முறைக்கு மாறினார்கள். மறு ஆண்டு, உலகப் போரின் நடுவிலேயே, கொடிக்கு சல்யூட் செலுத்தும்படி எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாசிசத்தோடு போரிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அதன் சைகையைத் தம் வீட்டுக்குள் விடக்கூடாது என்ற தெளிவு அவர்களுக்கு வந்தது. இங்கே சிலர் அந்தப் பாதையை எதிர்த்திசையில் நடக்க விரும்புகிறார்கள்.

நம்மிடம் கேட்கப்படும் கேள்வி

"தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழாதவரை நீங்கள் கண்டிக்கவில்லையா?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். கேட்கட்டும். 2018 சனவரியில் சென்னையில் நடந்த ஒரு விழாவில் காஞ்சி மடத்தின் விஜயேந்திரர் தமிழ்த்தாய் வாழ்த்தின்போது அமர்ந்திருந்தார். தேசிய கீதத்திற்கு எழுந்தார். தமிழகம் கொதித்தது, அதில் நாமும் இருந்தோம். எழ வேண்டும் என்று ஆணை ஏதும் இல்லை என 2021 டிசம்பரில் உயர்நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அதன் பின் அதே மாதம் 17ஆம் நாள், அதை மாநிலப் பாடலாக அறிவித்து, மாற்றுத்திறனாளிகள் தவிர அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு ஆணையிட்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழ்நாடு கேட்டது எழுந்து நிற்பதை மட்டும். அது மதம் பாராமல், சாதி பாராமல், மடாதிபதிக்கும் வங்கி அதிகாரிக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் ஒரே அளவில் கேட்கப்பட்டது. எழ இயலாதவருக்கு விலக்கும் தரப்பட்டது. விஜயேந்திரர் மீது எழுந்த சினம், ஒரு பாடலுக்கு எழுந்து இன்னொன்றுக்கு அமர்ந்த தேர்வைப் பற்றியது. அன்சாரி எதற்கும் அமர்ந்திருக்கவில்லை. அனைவரிடமும் கேட்கப்படுவதை அவர் செய்தார். அனைவரிடமும் கேட்கப்படாத ஒன்றை அவரிடம் மட்டும் கேட்டார்கள். ஆகவே நம் அளவுகோல் தெளிவானது. எல்லாருக்கும் பொதுவான, எல்லாராலும் செய்யக்கூடிய மரியாதை போதும். அதற்கு மேல் கேட்பவன், மரியாதையைத் தேடவில்லை, ஆளைத் தேடுகிறான். இந்த அளவுகோல் நமக்கும் பொருந்தும். தமிழ்த்தாய் வாழ்த்தின் பெயரால் எழ முடியாத முதியவரை யாரேனும் மிரட்டினால், முதலில் தடுக்க வேண்டியவர்கள் நாமே.

விழா மரபுகளைப் பற்றிப் பேசும்போது தமிழ்நாடு பெற்ற இன்னொரு வெற்றியையும் நினைவுகூரலாம். விடுதலை நாளில் கோட்டையில் கொடியேற்றும் உரிமை முன்பு ஆளுநரிடம் இருந்தது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதலமைச்சருக்கே அவ்வுரிமை வேண்டும் என்று கலைஞர் கருணாநிதி வலியுறுத்தினார். 1974 ஆகஸ்ட் 15 முதல் எல்லா மாநில முதலமைச்சர்களும் அவ்வுரிமையைப் பெற்றார்கள். விழாவில் யார் எங்கே நிற்பது என்பது அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதன் வெளிப்பாடு. கோட்டையில் காவல்துறையின் மரியாதையை ஏற்பவர் நியமனம் பெற்றவரா, வாக்குப் பெற்றவரா என்ற கேள்விக்கு அன்று நல்ல விடை கிடைத்தது.

சிப்பாயின் கை

படைவீரனின் சைகையை இவ்வளவு நேசிப்பவர்கள் படைவீரனை எப்படி நடத்துகிறார்கள்? சல்யூட் படம் வெளிவந்த அதே 2015இல், ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் கேட்டு முன்னாள் படைவீரர்கள் ஜந்தர் மந்தரில் அமர்ந்திருந்தார்கள். ஆகஸ்ட் 14 அன்று, விடுதலை நாளுக்கு முந்தைய நாள், அவர்களை அப்புறப்படுத்தக் காவல்துறை வந்தது. நெஞ்சில் பதக்கங்கள் அணிந்த முதியவர்கள் தள்ளப்பட்டார்கள், சட்டைகள் கிழிந்தன. 2022இல் அக்னிபத் திட்டம் வந்தது. நான்கு ஆண்டு வேலை. நால்வரில் மூவர் வெளியே. அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. சிப்பாயிடமிருந்து ஓய்வூதியத்தை எடுத்துக்கொண்டு, பிரதமர் அவனுடைய கைச்சைகையையும் எடுத்துக்கொண்டார்.

சல்யூட்டைப் பற்றி உழைக்கும் மக்களுக்குச் சொந்தமான வரலாறு ஒன்று உண்டு. 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படை வீரர்கள் எழுச்சி கொண்டார்கள். காங்கிரஸ் கொடி, லீக் கொடி, செங்கொடி மூன்றையும் கப்பல்களில் ஒன்றாகப் பறக்கவிட்டார்கள். வெள்ளை அதிகாரிகளுக்கு இடக்கையால் சல்யூட் செலுத்தினார்கள். பம்பாய்த் தொழிலாளர்கள் அவர்களுக்கு ஆதரவாக வேலைநிறுத்தம் செய்து, தெருவில் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அந்த இடக்கை சல்யூட்டில் இருந்த நாட்டுப்பற்றை எந்தக் கைப்பேசிப் படமும் அளந்துவிட முடியாது. 1932 சனவரியில் திருப்பூரில் காவல்துறையின் தடியடியில் விழுந்த குமரனும் கொடிக்குக் கை உயர்த்தவில்லை. உயர்த்த அவன் கை காலியாக இல்லை; கொடியைப் பிடித்திருந்தது.

தோழர்கள் செய்ய வேண்டியது எளிது. அடுத்த சனவரியிலும் அந்தப் படம் கைப்பேசிக்கு வரும். வந்ததும் கடந்து போய்விடாதீர்கள். கொடிச் சட்டத் தொகுப்பு என்ன சொல்கிறது என்பதை இரண்டு வரியில் எழுதி, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புங்கள். நம் கிளைகள் நடத்தும் கொடியேற்ற நிகழ்ச்சிகளில், எழுந்து நிமிர்ந்து நிற்பதே குடிமக்களின் மரியாதை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். உங்கள் தெருவில் எவருடைய கையையாவது யாராவது படமெடுத்தால், படமெடுப்பவருக்கும் அவருக்கும் இடையில் போய் நில்லுங்கள். 1947 ஜூலை 22 அன்று இந்த நாடு எழுந்து நின்று ஏற்றுக்கொண்ட கொடி அது. அதற்கு முன்னால் நிமிர்ந்து நிற்க எவரும் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.